ஆடாத தலை

அவருக்குத் தலையாட்டத் தெரியாது. தமிழராகப் பிறந்து, தமிழ் பேசி, தலையாட்டத் தெரியாத ஒரு மனிதரை மலாய் நாட்டில் நான் குடியிருந்த கஜா பெராங்கில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். நமக்கெல்லாம் பாதிப் பேச்சு கழுத்தில் இருக்கிறது. சரி என்பதற்கு ஓர் ஆட்டம், சொல்லு கேட்கிறேன் என்பதற்கு ஓர் ஆட்டம், எதிரே தெரிந்த முகம் வந்தால் அதற்கும் ஓர் ஆட்டம். நான் வேலை பார்த்த தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் வெள்ளைக்காரத் துரை ஒருவர் பார்வையிட வந்தார். புரிகிறதா என்று அவர் கேட்டதை நான் தமிழில் சொன்னதும், வகுப்பு முழுவதும் பக்கவாட்டில் தலையை ஆட்டியது. ஒரு பிள்ளைக்கும் புரியவில்லை என்று முடிவுகட்டி, பாடத்தை மறுபடியும் நடத்தச் சொல்லிவிட்டுப் போனார் மனுஷன்.

அதை நான் தெருவில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"பிள்ளைங்கள வாயால சொல்லப் பழக்குங்க டீச்சர்," என்றார்.

தெருவில் அவரை ஐஸ்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆற்றோரத்து ஐஸ் ஆலையிலிருந்து கட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, தெங்கேரா வரைக்கும் காப்பிக் கடைகளுக்குப் போட்டுவருவார். மற்ற வண்டிக்காரர்கள் ஐஸ் கரையாமலிருக்கச் சாக்கு போர்த்துவார்கள். இவர் கிழிந்த பாய்தான் போர்த்துவார். பாய் போர்த்தினால் சீக்கிரம் கரையும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? கேட்டால், "பாயே போதும்," என்பார், அவ்வளவுதான்.

தெங்கேராவில் ஒரு சீனக் காப்பிக் கடை முதலாளி இருந்தார், தவுக்கே என்போம். கல்லாவில் உட்கார்ந்து பேப்பர் படித்தபடியே, ஐஸ் வேண்டும் என்று தலையை மட்டும் அசைப்பார். ஐஸ்காரர் கட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்பார். தண்ணீர் முதுகில் வழிந்து கால்சட்டை நனையும்.

"மாவ் கா, தா மாவ்? வேணுமா வேணாமா, வாயால சொல்லு தவுக்கே."

தவுக்கே வாயைத் திறந்து "மாவ்" என்று கத்தினால்தான் கட்டி கீழே இறங்கும். கிறுக்கன் என்று சீனத்தில் திட்டுவார். தினமும் இதே கூத்து. ஆனாலும் வேறு ஐஸ்காரரை அவர் வைத்துக்கொள்ளவுமில்லை.

கழுத்துப் பிடிப்பு என்றார்கள் சிலர். லாரியிலிருந்து விழுந்தவர் என்றார்கள் சிலர், முன்பு எங்கோ எஸ்டேட் லாரியில் வேலை பார்த்தவர் என்பதால். திமிர் என்றவர்களும் உண்டு. மாரியம்மன் கோவில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் ஊதுகிற ஊதலில் கைக்குழந்தைகூடத் தலையாட்டும், இவர் நட்ட கம்பம்போல நிற்பார். பிள்ளைகள் அவருக்குக் கட்டைக் கழுத்து என்று பெயர் வைத்திருந்தார்கள். முடிவெட்டுபவர் மட்டும் இப்படி ஒரு தலை கிடைக்காது என்று புகழ்வார். கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்த புதிதில், நல்லெண்ணெயும் பூண்டும் காய்ச்சி ஒரு கிண்ணத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"வலி இல்லம்மா," என்றார். பிறகு கிண்ணத்தையும் வாங்கிக்கொண்டார், எனக்கு மனசு கோணக்கூடாது என்று.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான். பயம் வந்தது வேறொரு நாள். எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் பெண்ணுக்கு நிச்சயம் செய்துகொண்டிருந்தார்கள். பெண்ணைக் கேட்டாயிற்றா என்று யாரோ சம்பிரதாயமாகக் கேட்க, "கேட்டாச்சி, தலைய ஆட்டிட்டா," என்றார் தகப்பனார். வாசலில் ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தவர் வேலையைப் போட்டுவிட்டு நடுக்கூடத்துக்கு வந்துவிட்டார்.

"வாயால சொன்னாளா?"

"உனக்கென்னய்யா?"

"தல ஆடுனது பேச்சில்ல. வாயால சொன்னாளான்னு கேக்குறேன்."

 சம்பந்தமில்லாத வீட்டில் நின்று கையைப் பிசைந்தபடி, அந்தப் பெண்ணைப் பார்த்து, "பாப்பா, சொல்லு. தெரியாம ஆட்டிட்டு அப்புறம் அழக்கூடாது," என்றார். பெண் விம்மி அழுது, வேண்டாம் என்றாள். நிச்சயம் நின்றுபோனது. தகப்பனார் அவரைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார். அவர் எதிர்க்கவில்லை. ஒரு நல்ல காரியம் செய்தவரின் முகமாக அது இல்லை. ஏதோ பழியிலிருந்து தப்பிக்க ஓடுகிறவரின் முகமாக இருந்தது. 

சுதந்திரம் வருகிறது என்று ஊரே குதித்துக்கொண்டிருந்த வருஷம். பண்டார் ஹிலிர் திடலுக்கு ஊர்வலம் போகிறது, ஒவ்வொரு வட்டாரமும் ஒரு வேஷம் கட்டிவர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் தெரு இளைஞர் சங்கத்துக்கு என் கணவர்தான் செயலாளர். நாற்காலி வாங்க வக்கில்லாத சங்கத்துக்குச் செயலாளர் என்று நான் கேலி செய்வேன். கூட்டம் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது. ராஜா ராணி வேஷம் எல்லாரும் கட்டுவார்கள், நாம் கதையில் வருகிற விலங்கு ஒன்றைக் கட்டுவோம் என்று பேச்சு போனது.

யாளி என்றார் ஒருவர். யாளி என்றால் திடலில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெனாங்கல் என்றான் ஒரு விடலை. தலையை மட்டும் கழற்றிக்கொண்டு குடல் தொங்கப் பறந்துபோய் ரத்தம் குடிக்கிற மலாய்ப் பேய் அது. நல்ல நாளும் அதுவுமாகக் குடலைத் தொங்கவிட்டுக்கொண்டு போவதா என்று அவனை அடக்கினோம். கடைசியில் நாகம் என்று முடிவாகப் போனது. ஐந்து தலை, படம் எடுத்தபடி. கேட்டுக்கொண்டிருந்த பக்கத்துக் கம்போங் செட்டிக் குடியிருப்புப் பெரியம்மா, பீபி என்போம், சிரித்துவிட்டார். அவர்கள் குலத்தில் சாமி பெயரும் சடங்கும் நம்முடையவை, பேச்சு மட்டும் மலாய்.

"நாகா அட காக்கி லா," என்றார் பீபி.

மலாய்க்காரருக்கு நாகா என்றால் பாம்பு இல்லை, காலும் நகமும் உள்ள பறக்கும் பூதம். காக்கி என்றால் கால். பாம்பைக் கொண்டுபோய் நாகா என்றால் திடலே சிரிக்கும், சீனர்கள் கொண்டுவருகிற டிராகன்தான் அங்கே நாகா என்று பீபி விளக்கினார். என் கணவர் விடுவாரா.

"காக்கியா? பாம்புக்குக் காக்கிச் சட்டை போட்டு போலீஸ்ல சேத்துட்டாங்களா பீபி?"

அறை முழுக்கச் சிரிப்பு. வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்த ஐஸ்காரர் வெளியே போய்விட்டார். குழாயடியில் முகம் கழுவும் சத்தம் கேட்டது. சற்று நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

யானை மீனைச் சொன்னது நான்தான். அம்மனுக்குப் பின்னால் நிற்கிற திருவாசியில் இரண்டு பக்கமும் ஒரு மிருகம் இருக்குமே, தும்பிக்கையும் மீன் உடம்புமாக, அந்த மகரம். நான் சொன்னதுமே பீபி, "கஜா மீனா!" என்றார். மலாய்க் கதைகளிலும் அது உண்டாம், இந்தக் கடலுக்குள்ளேயே இருக்கிறதாம். கஜா என்றால் அவர்களுக்கும் யானை, மீனா என்றால் அவர்களுக்கும் மீன். கஜா பெராங் என்ற எங்கள் இடத்தின் பெயருக்கே கோபக்கார யானை என்றுதான் பொருள். இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

"வாயால சொல்லுங்க," என்றது வாசல்பக்கக் குரல்.

சிரித்துக்கொண்டே எல்லாரும் சம்மதம் என்று சொன்னார்கள். மூங்கில் கூட்டின்மேல் துணி போர்த்திய பெரிய தலை, அதைத் தாங்க ஆடாத கழுத்து வேண்டும். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அவரைத்தான் திரும்பிப் பார்த்தோம்.

"மொகத்த மூடிக்கிட்டு நான் நிக்க மாட்டேன்," என்றார் அவர்.

கெஞ்சினார்கள். பிறகு குத்தலாகப் பேசினார்கள். சுதந்திர ஊர்வலத்துக்கு வரமாட்டேன் என்றால் என்ன அர்த்தம், இந்த நாடு உனக்கு வேண்டாமா என்று ஒருவன் கேட்டான். யார் இங்கே இருக்கலாம், யார் போக வேண்டும் என்று ஆளாளுக்குப் பேசிய நாட்கள் அவை. அந்தக் கேள்விக்கு அப்போது கூர் அதிகம். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

தலையைத் தைக்க ஒப்புக்கொண்டவர் ராசாத்தி அக்கா. எதிர்வீட்டில் தையல் மிஷின் வைத்துப் பிழைத்தவர், தனிக்கட்டை. யானைத் தோலுக்குச் சாக்கு நன்றாக இருக்கும் என்று நானும் என் கணவரும் இரண்டு அரிசிச் சாக்கை எடுத்துப் போனோம். அக்கா வாசலிலேயே மறித்தார்.

"அது என் வீட்டுக்குள்ள வராது. வெளிய போட்டுட்டு வாங்க."

அரிசியைக்கூட டின்னில்தான் வைத்திருப்பார் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. கணவரை அனுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். சில வருஷங்களுக்கு முன், வெள்ளைக்காரன் காட்டுக் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசர காலத்தில் அக்காவின் புருஷனைப் பிடித்துப்போனது தெருவுக்கே தெரியும். எப்படி என்பதை அன்றைக்குத்தான் சொன்னார்.

காட்டில் துப்பாக்கியோடு திரிந்தவர்களுக்கு எஸ்டேட்டிலிருந்து யாரோ அரிசி கொடுக்கிறார்கள் என்று பட்டாளம் வந்து தொழிலாளர் குடியிருந்த லயத்தை வளைத்தது. ஆண்களை வரிசையில் நிறுத்தி, ஒரு ஜீப்புக்கு முன்னால் நடக்கவிட்டார்கள். ஜீப்பில் ஒருவன் உட்கார்ந்திருந்தான், தலையிலிருந்து இடுப்பு வரை சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. யாரைப் பார்த்துச் சாக்கு அசைகிறதோ அவரைப் பிடித்து லாரியில் ஏற்றுவது என்று ஏற்பாடு. வரிசை நகர்ந்தது. சாக்கு அசையவே இல்லை. அக்காவின் புருஷன் முன்னால் வந்தபோது அசைந்தது. அவரைச் சிறையில் வைத்து, பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கைக்குழந்தையாக இங்கே வந்தவர், அங்கே யாரைத் தெரியும்? ஒரு மழைக்காலம்கூடத் தாங்காமல் இறந்துபோனார்.

"எல்லாரும் தலைய ஆட்டிக் காட்டிக்கொடுத்தான்னுதான் சொன்னாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்தேன் டீச்சர். மேலயும் கீழயும் ஆடல. இப்பிடி, பக்கவாட்டுல ஆடுச்சி. அது நம்ம ஆட்டம். உள்ள இருந்தவன் நம்ம ஆளு."

அக்கா மடியில் கிடந்த தையல் துணியை மடித்தார்.

"ஆமான்னு ஆட்டுனானா, இல்லன்னு ஆட்டுனானா? அது மட்டும் தெரிஞ்சா போதும். அவன் செத்தானா இருக்கானான்னுகூட எனக்கு வேணாம்."

 வகுப்பில் நடந்ததை நான் சிரித்துச் சிரித்துச் சொன்னபோது இவரும் வாசலில் நின்று கேட்டாரே என்று எனக்கு உறைத்தது.

சாம்பல் நிற லைனிங் துணி வாங்கினோம். ஐஸ்காரரை வேஷத்துக்குச் சம்மதிக்கவைத்ததும் அக்காதான். பஜாரிலிருந்து அக்காவுக்குத் துணிக்கட்டு தூக்கிவருவது, கூரைத் தகரத்தை ஒட்டிக்கொடுப்பது எல்லாம் அவர்தான். அக்கா இந்தத் தெருவுக்கு வந்த மறு வருஷம் வந்தவர். எத்தனை தடவை கூப்பிட்டும் அந்த வீட்டுக்குள் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை, வாசலோடு சரி.

"நான் தைக்கிறேன் அண்ணே. எனக்காகப் போட்டுக்குங்க," என்றார் அக்கா.

அவர் வண்டிப் பிடியை இறுகப் பிடித்தார்.

"சரி தங்கச்சி," என்று வாயால்தான் சொன்னார்.

அளவு பார்க்க ஒரு சாயங்காலம் வரச் சொன்னோம். முதல் தடவையாக அந்த வீட்டுக்குள் வந்தார். முன்னறை நடுவில் நிற்கவைத்து, நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தலையைக் கவிழ்த்தோம். தும்பிக்கை அவர் வயிறு வரைக்கும் தொங்கியது. துணி இடுப்பு வரை இறங்கியது. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அக்கா வாயில் குண்டூசியோடு பின்னால் நகர்ந்து பார்த்தார். பிறகு ஊசியை எடுத்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"தெரியுதா அண்ணே?"

யானைத் தலை பக்கவாட்டில் ஆடியது. தும்பிக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது.

நான் சிரித்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் இவர் தலையாட்டி நான் பார்த்ததே இல்லை. கைதட்டப் போனவள், அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அக்கா சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்.

"இன்னொரு தடவ ஆட்டுங்க," என்றார்.

 பிறகு மூங்கில் கூடு கிறீச்சிட்டது. அவர் இரண்டு கையாலும் தலையைக் கழற்றப் பார்த்தார்.

"கழட்டாதீங்க. ஒங்க மொகத்தப் பாத்தா எனக்குக் கேக்க வராது. அது நீங்கதானே?"

"நான்தான் தங்கச்சி."

"ஆமான்னு ஆட்டுனீங்களா?"

துணிக்குள்ளிருந்து வந்த குரல் வேறு யாருடையதோபோல இருந்தது. அவர் நின்று நின்றுதான் பேசினார்.

"அரிசி கடத்துனேன்னு சொல்லி லாரியோட என்னையும் புடிச்சிட்டாங்க. அடி தாங்க முடியல. தெரிஞ்ச ஆளு வந்தா தலைய ஆட்டு, வாயத் தொறக்காத, கொரலு காட்டிக்குடுத்துடும்னான் மொழிபெயர்க்கிறவன். ஒருத்தருக்கும் ஆட்டக்கூடாதுன்னு பல்லக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். எல்லாரும் போனாங்க. நான் ஆட்டல. அப்புறம் அவரு வந்தாரு. ஒரு மழையில லாரி சேத்துல மாட்டினப்ப எறங்கித் தள்ளிவிட்டவரு. வெத்தல குடுத்தவரு. அவ்வளவு பேர்ல நான் பாத்த ஒரே தெரிஞ்ச மொகம்."

தும்பிக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தெரிஞ்ச மொகத்தப் பாத்தா தல தானா ஆடுமே தங்கச்சி. நான் ஆமான்னும் ஆட்டல, இல்லன்னும் ஆட்டல. வாங்கன்னு ஆட்டிட்டேன்."

நான் அழுதேன். அக்கா அழவில்லை. மிஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு அந்தச் சாம்பல் தலையையே பார்த்தார். அவர் உள்ளே மூச்சு வாங்குவது துணி ஏறி இறங்குவதில் தெரிந்தது.

"ஒரு வார்த்த சொல்லு. திட்டினாலும் சரி. என்ன போகச் சொன்னாலும் போயிடுறேன்."

அக்கா வாயைத் திறந்து மூடினார்.  பிறகு தலையை மெதுவாகப் பக்கவாட்டில் ஆட்டினார், நாம் எல்லாரும் ஆட்டுகிற மாதிரி. ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வாயால் சொல்லு என்று அவர் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் கேட்டவர் அங்கே கேட்கவில்லை. நான்தான் தலையைக் கழற்றிவிட்டேன். முகம் முழுவதும் வியர்வையும் கண்ணீரும். படி இறங்கிப் போனார்.

இதை நான் என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. வேஷம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் ஊர்வலத்தன்று காலையில் யானைத் தலை அவர் வாசலில் இருந்தது. தைத்து முடித்து, தந்தம் வைத்து, மீன் செதில்கள் வரைக்கும் ஒட்டியிருந்தது. ஒன்றைத்தான் அக்கா மாற்றியிருந்தார். தும்பிக்கைக்குக் கீழே துணியை அகலமாக வெட்டி, வாயைத் திறந்தபடி விட்டிருந்தார். போட்டுக்கொண்டால் போட்டவரின் முகம் நெற்றி முதல் தாடை வரை நன்றாகத் தெரியும்.

அவர் போட்டுக்கொண்டார். சொன்ன சொல்லுக்காகவோ, அக்காவுக்காகவோ, எனக்குத் தெரியாது. கஜா பெராங்கிலிருந்து பண்டார் ஹிலிர் வரை யானை மீனின் வாய்க்குள் அவர் முகம் போனது. சனம் கைதட்டியது, மெர்டேக்கா, சுதந்திரம் என்று கத்தியது. பிள்ளைகள் ஆட்டு ஆட்டு என்று கூவியும் தும்பிக்கை அசையவில்லை. அக்கா வழியோரத்தில் நின்று பார்த்தார். யானை கடந்து போகும்வரை பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் அக்காவுக்குத் துணிக்கட்டு தூக்கவில்லை. அக்காவும் கூப்பிடவில்லை. எதிரெதிரே பார்த்தால் ஒருவருக்கொருவர் வழிவிட்டு விலகிப் போனார்கள். இரண்டு பேரும் தெருவை விட்டுப் போகவுமில்லை.

சில மாதங்கள் கழித்து நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். பாய்க்கு அடியில் ஐஸ் கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர், நீங்க பக்கத்துல நின்னு பாத்தீங்க. எனக்கு அந்த ஓட்டையில சரியாத் தெரியல. அன்னிக்குத் தங்கச்சி தலைய ஆட்டுச்சே. அது ஆமாவா, இல்லையா?"

அக்கா துணியை முகம் தெரிகிற மாதிரி வெட்டிவைத்தது தான் மூச்சு விடவா, ஊர் தன்னைப் பார்க்கவா என்றும் கேட்டார்.  என் தலை தானாக அசையப் போனது. கையால் தாடையைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியலண்ணே," என்றேன், வாயால்.